அரசமரத்தில் பின்னிக்கொண்ட இரண்டு கயிறுகள்

"அந்தக் கயிறு சும்மாதானே தொங்குது?"

இந்த ஒரு கேள்வி எனக்குக் கொடுத்த தலைவலியை எந்த மரமும் கொடுத்ததில்லை.

மர வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளும் தங்கைகளும் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் கயிற்றைப் பற்றியே கேட்கிறீர்கள். எவ்வளவு தடிமன், எத்தனை கிலோ தாங்கும், கொக்கி எந்த நாட்டுச் சரக்கு. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். முழங்கால் இரண்டும் இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டதால் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது கயிற்றைப் பார்க்கிற ஜனங்களைப் பற்றி. கயிற்றில் தொங்குகிற ஆளின் மனசைப் பற்றி. இந்த இரண்டும் எந்தக் கிலோ கணக்கிலும் அடங்காது.

நாங்கள் தொழிலுக்கு வந்த காலத்தில் இடுப்பில் ஒரு நார்க்கயிறு, கையில் ஒரு கத்தி, கதை முடிந்தது. இரண்டு கயிறு என்பது பின்னால் வந்த பழக்கம். மரத்தின் இரண்டு தனித்தனிக் கொம்புகளின் மேலாக ஒவ்வொரு கயிறும் போய், திரும்பி வந்து, ஏறுகிற ஆளின் பெல்ட்டில் கொக்கியால் மாட்டியிருக்கும்; இடுப்பருகே ஒரு முடிச்சு கயிற்றை இறுக்கிப் பிடித்திருக்கும், தளர்த்தினால் விடும். ஆள் ஏற இறங்க, கயிறு கொம்பின் மேல் வழுக்கி ஓடும். ஒரு கிளையை விட்டு இன்னொரு கிளைக்குப் போகும்போது ஒரு கயிற்றைக் கழற்றி மாற்றலாம். அந்த நேரம் மற்றது ஆளைப் பிடித்திருக்கும். அறுக்கிற வாள் தவறி ஒன்று அறுபட்டாலும், ஒரு கொம்பு ஏமாற்றினாலும், இன்னொன்று இருக்கிறது. விஷயம் இவ்வளவுதான். இதை ஒரு தெருவுக்குப் புரிய வைப்பதற்குள் எனக்குப் பாதி முடி கொட்டிப்போனது.

முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுக் கொல்லையில் வேப்பமரம். எங்கள் ஆள் மேலே இருக்கிறான். இரண்டாவது கயிற்றின் வால் தரையில் கிடக்கிறது. அந்த வீட்டு அம்மாள் அதை எடுத்துப் போய்க் கிணற்றடித் தூணில் இழுத்துக் கட்டி, ஈரப் புடவையைக் காயப் போட்டுவிட்டார். கேட்டால், "சும்மாதானே தம்பி கெடந்துச்சு, அழுக்கு கூட இல்ல" என்றார். அழுக்கில்லாமல் வைத்திருந்தது என் தப்பு. இன்னொரு வீட்டில் அந்த வாலில் ஆட்டைக் கட்டினார்கள். மேலிருந்து வேப்பங்கொழுந்து விழ விழ, ஆடு அதைப் பார்த்துத் துள்ளத் துள்ள, மேலே எங்கள் ஆள் ஆடினான். "யாருணா இழுக்கிறது?" என்று அவன் கத்துகிறான். ஆடு என்று நான் எப்படிச் சொல்வேன்?

இந்த முறையை எனக்குக் காட்டியவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு பெரியவர். அந்த மாதிரி ஆட்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பேரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, சொல்லவில்லை. அவர் வீட்டுத் தூங்குமூஞ்சி மரத்தை நான் ஒற்றைக் கயிற்றில் ஏறிக் கழித்ததைப் பார்த்துவிட்டு, பிரான்சில் இருக்கிற மருமகனிடம் சொல்லி ஒரு பெல்ட்டும் இரண்டு கயிறும் வரவழைத்துக் கொடுத்தார். சொல்லிக் கொடுத்தாரா என்றால் இல்லை. நான் மேலே தடுமாறிக் கற்றுக்கொண்டிருப்பேன், அவர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கால் வழுக்கும்போதெல்லாம் "அத்தான்சியோன்!" என்று பட்டாளக் குரலில் அதட்டுவார். ஜாக்கிரதை என்று அர்த்தம். அந்த அதட்டலிலேயே இரண்டு தரம் விழப் பார்த்தேன். ஆனால் அவர் சொன்ன ஒரு பேச்சை மறக்க முடியாது. ஒரு நாள் சோம்பேறித்தனமாக இரண்டு கயிற்றையும் ஒரே கொம்பில் போட்டுவிட்டேன். நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். "ரெண்டு கயிறுன்னா ரெண்டு காவக்காரன்டா. ஒருத்தன் தூங்குனா இன்னொருத்தன் முழிச்சிருக்கணும். ரெண்டு பேரையும் ஒரே பாயில படுக்க வச்சா அப்புறம் யாரு காவல்?" என்றார்.

இதைக் கேட்டபோது புரிந்துவிட்டதாக நினைத்தேன். முழுசாகப் புரிந்தது முதலியார்பேட்டையில், ஒரு ஐப்பசி மாதத்துச் சாயங்காலம்.

இரண்டாயிரத்தைத் தாண்டிச் சில வருஷங்கள் இருக்கும். சந்து முனையில் ஓர் அரசமரம். அடியில் மஞ்சள் பூசிய நாகக் கற்கள். குழந்தை வேண்டிக்கொண்டவர்கள் கட்டிய குட்டிக் குட்டித் தொட்டில்கள் தாழ்ந்த கிளைகளில் தொங்கும். மரத்தடியிலேயே அஞ்சலை என்று ஓர் அக்கா பூ விற்பார். கற்களைக் கழுவி விளக்கேற்றுவதும் அவர்தான். காலையில் பெண்கள் வந்து மரத்தை வலம் வந்துவிட்டு அவரிடம் பூ வாங்கிக்கொண்டு போவார்கள்.

மரம் கொஞ்ச உயரத்தில் இரண்டு பெருங்கொம்பாகப் பிரிந்திருந்தது, கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. கிழக்குக் கொம்பிலிருந்து ஒரு பெரிய கிளை பக்கத்து மாடிவீட்டின் ஓட்டுக் கொட்டகை மேல் நீண்டிருந்தது. மழைக்கு முன்னால் அதை எடுத்துவிட வேண்டும் என்று மாடிவீட்டுக்காரர் எங்களைக் கூப்பிட்டிருந்தார். கூப்பிட்டவர் வீட்டுக்குள் இருந்திருக்கலாம். வரவில்லை என்றால் அவருக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. என் தோளோடு தோளாக நின்றுகொண்டார்.

மேலே போனவன் ஏழுமலை. பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். எங்கள் கூட்டத்தில் அவனைப் போல மரத்தில் நடக்கிறவன் கிடையாது. கீழே கயிறு பார்ப்பவர் தனபால், மீனவர். கடல் கொந்தளிக்கிற மாதங்களில் தேங்காய்த்திட்டில் படகைக் கட்டிவிட்டு எங்களோடு வருவார். கனமான கிளையைக் கயிறு கட்டி மெதுவாக இறக்குவதற்கு அவரைப் போலக் கை கிடையாது. ஒருவன் மேலே கெட்டிக்காரன், ஒருவர் கீழே கெட்டிக்காரர். எனக்கு என்ன கவலை என்று இருந்தேன். கெட்டிக்காரர்கள் சேர்ந்து செய்கிற தப்பு எப்படி இருக்கும் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

ஏழுமலை செருப்பைச் சந்து முனையிலேயே கழற்றிப் போட்டான். கற்பூரம் கொளுத்தி, மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினான். ஒரு கயிறு கிழக்குக் கொம்பின் உச்சியில், ஒரு கயிறு மேற்குக் கொம்பின் உச்சியில். பார்க்க அழகாக இருந்தது. கிழக்குக் கொம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் காய்ந்த சுள்ளி. அதையெல்லாம் கழித்துவிட்டு, கடைசியாகப் பெரிய கிளைக்கு வருவதாகப் பேச்சு.

கீழே மாடிவீட்டுக்காரர் ஆரம்பித்தார். மேற்கிலிருந்து வருகிற கயிறு எதற்கு? சும்மாதானே தொங்குகிறது? அதையும் பெரிய கிளையில் கட்டித் தெருப் பக்கம் இழுத்தால் கொட்டகைக்கு இன்னும் நல்லதில்லையா? நான் காவல்காரன் கதையைச் சொன்னேன். "ஒரு ஆளுக்கு எதுக்குய்யா ரெண்டு காவலு, அவன் இன்னா கலெக்டரா?" என்றார். நான் மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். இரண்டாவது கயிற்றின் அருமையைக் கீழே நான் வாய் வலிக்க விளக்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், மேலே அந்த இரண்டாவது கயிறு இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஏழுமலை பெரிய கிளையில் இறக்கு கயிற்றைக் கட்டி, அதை மேல் கொம்பின் மேலாகக் கீழே விட்டான். தனபால் அதன் மறுமுனையை அடிமரத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். ஏழுமலை கிளையைப் பாதி அறுத்தான். மீதியை ஒரு படி இறங்கி நின்று அறுக்கலாம் என்று முடிச்சைத் தளர்த்தினான்.

"ண்ணா, கயிறு ஓடல."

ஒன்றா, இரண்டுமா என்று கேட்டேன்.

"ரெண்டும்."

அண்ணாந்து பார்த்தேன். பம்பரத்துக்குச் சாட்டை சுற்றியதுபோல இரண்டு கயிறும் கிழக்குக் கொம்பைச் சுற்றியிருந்தன. அதோடு ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மறுபடி இறங்கி, பெண்பிள்ளைக்குச் சடை பின்னியதுபோலப் பின்னிக் கிடந்தன. ஏழுமலை கொம்போடு கொம்பாக இறுகி நிற்கிறான். ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. எப்படி இந்தச் சுற்று? சாதாரணமாகச் சுள்ளி கழிக்கிறவன் இந்தப் பக்கம் இரண்டு கிளை போவான், அந்தப் பக்கம் மூன்று கிளை வருவான். போனதும் வந்ததும் நேராகிவிடும். ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் போனால்தான் இப்படி ஆகும்.

கயிற்றைப் பார்க்கத்தானே கீழே ஒருவர் நிற்கிறார்? தனபாலைத் திரும்பிப் பார்த்தேன். பின்னுவதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பாத்தனே," என்றார் நிதானமாக. "மொத சுத்துலயே பாத்தன். நல்லதுக்குத்தான்னு வுட்டுட்டன். தனித்தனி இழையா இருக்கறத வுட முறுக்குனாத்தான பலம்? எங்க படகுக் கயிறு வந்து பாரு."

என்ன சொல்வீர்கள் இதற்கு? அந்த மனிதர் அலட்சியமாக இருந்தார் என்றால் திட்டலாம். கண்ணும் கருத்துமாகப் பார்த்து, தன் அனுபவத்தில் யோசித்து, சந்தோஷப்பட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். படகைக் கட்ட வேண்டுமானால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அங்கே இரண்டும் ஒன்றாக வேண்டும். மரத்தில் இரண்டும் இரண்டாகவே இருக்க வேண்டும். இரண்டு காவல்காரர்களும் ஒரே பாயில் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்குகிறார்கள். அதைப் பார்த்து, எவ்வளவு ஒற்றுமை என்று மெச்சுகிறார் எங்கள் ஆள்.

அதற்குள் கடல் பக்கம் வானம் கறுத்துவிட்டது. அரச இலைகள் எல்லாம் சலசலவென்று திரும்பின. பாதி அறுத்த கிளை அவன் மார்பு உயரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் ஆடுகிறது. காற்று அதை முறித்தால், கட்டியிருக்கிற கயிற்றில் ஊசல் மாதிரி வீசி, அவன் நிற்கிற கொம்பின் மேல்தான் வந்து மோதும். விலக வேண்டும் என்றாலும் அவனால் ஓர் அடி நகர முடியாது. அந்தச் சந்துக்குள் தீயணைப்பு வண்டி நுழையாது. ஏணி பாதி உயரத்துக்குக்கூட எட்டாது. எங்களிடம் வேறு கயிறு இல்லை. இருந்த ஒன்று தனபால் கையில் அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் தெரு என்ன செய்யும் தெரியுமா? யோசனை சொல்லும். ஒருவர் குதிக்கச் சொன்னார், கீழே படுதா பிடிக்கலாமாம். ஒருவர் மின்சார ஆபீசுக்குப் போன் போடச் சொன்னார்; எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. மாடிவீட்டுக்காரர் எல்லாருக்கும் மேலாக, "ஒரு கயித்த அறுத்து வுட்ரா. அதான் இன்னொண்ணு இருக்குதுன்றாரே உங்க ஆளு" என்றார். இவ்வளவு நேரம் நான் விளக்கியதில் அவருக்கு ஏறியது இது ஒன்றுதான்.

மேலே ஏழுமலையின் கை ஒரு கொக்கியின் மேல் போனது.

"கைய எடு," என்று கத்தினேன். வாழ்நாளில் அவனை அப்படி அதட்டியதில்லை. நானே சொல்தா ஆகிவிட்டேன் போலிருந்தது.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தனித்தனியாக இருக்கிற இரண்டு கயிற்றில் ஒன்றைக் கழற்றலாம், அதற்காகத்தான் இரண்டு. பின்னிக்கொண்ட இரண்டில் ஒன்றைக் கழற்றினால் மற்றது என்ன செய்யும் என்று ஆண்டவனுக்கும் தெரியாது. ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் இரண்டும் நிற்கின்றன. ஒன்று போனதும் மற்றதில் சுருண்டு கிடக்கிற நீளமெல்லாம் ஒரே நொடியில் வெளியே வரலாம். ஆள் அவ்வளவு நீளமும் விழுவான். அவசரத்தில் கழற்றுகிற கைதான் நம் தொழிலில் ஆளைக் கொல்கிறது. அவசரம் என்று தோன்றினால் முதலில் கையைக் கொக்கியிலிருந்து எடுத்து மரத்தைப் பிடியுங்கள்.

வழி ஒன்றுதான் இருந்தது, சுலபமான வழி. கொம்பைச் சுற்றிப் போனவன், போன வழியே எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்தால் கயிறு தானாக அவிழும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நிம்மதியாக அதைச் சொன்னேன். இடது பக்கமாகத் திரும்பிச் சுற்றி வா, அவிழ்ந்துவிடும் என்றேன்.

அவன் அசையவில்லை.

காது கேட்கவில்லை போலும் என்று மறுபடி சொன்னேன்.

"கேட்டுச்சுணா. இடமா வர மாட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது, விளங்காமலே இருந்திருக்கலாம். இந்த மரத்தில் ஏறிய நேரத்திலிருந்து அவன் கொம்பை வலமாகவே சுற்றியிருக்கிறான். ஒரு கிளை தவறவிட்டுவிட்டால்கூட ஓர் அடி திரும்பி வராமல், முழுசாக ஒரு சுற்று சுற்றிவந்து அதை வெட்டியிருக்கிறான். கோயிலைச் சுற்றுகிற மாதிரி.

"இது நாகக் கல்லு மரம்ணா. தொட்டில் தொங்குது பாரு. எங்கூட்ல எத்தினி வருசம் மரத்த சுத்தி இப்பதான் ஏழாம் மாசம். இந்த நேரத்துல நான் இதுமேல இடமா சுத்துனேன்னு வை, அப்புறம் ஏதாச்சும் ஒண்ணு ஆனா நான் யாருகிட்ட போயி அழுவுறது?"

தலையில் அடித்துக்கொள்ள எனக்கு இரண்டு கை போதவில்லை. நீ செத்தால் அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். சாவேன் என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறாய் என்று திருப்பிக் கேட்டான். அதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் வேறு ஆளை ஏற்றியிருப்பேனே என்றேன். இந்த மரத்தில் வேறு எவனும் ஏறக் கூடாது என்றுதான் சொல்லவில்லையாம். கண்டவன் ஏறி இடமாகச் சுற்றிவிடுவானாம். நானும் விடவில்லை. மரத்தில் ஏறி வாள் வைக்கலாம், இடது பக்கம் திரும்பக் கூடாதா என்றேன்.

"அதுக்குத்தான் கற்பூரம் கொளுத்திக் கேட்டுக்கினேன். இதக் கேக்கலையே."

இந்தப் பதிலைக் கேட்டுத் தெருவில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். நியாயம்தானே என்றுகூட ஒருவர் சொன்னார். கண்முன்னே ஒருவன் உயிரோடு விளையாடுகிறான்; தெரு வாதத்தில் அவனுக்கு மதிப்பெண் போடுகிறது. கொட்டகை ஓட்டில் முதல் தூறல் விழுந்தது. கிளையின் வெட்டில் ஒரு சின்ன முறியும் சத்தம் கேட்டது. தனபால் கயிற்றை இன்னொரு சுற்று அடிமரத்தில் போட்டுக்கொண்டு, முகத்தில் முதல் தடவையாகக் கவலையோடு என்னைப் பார்த்தார்.

அவன் மனசை மாற்ற முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்ல ஏறுகாரனின் பிடிவாதம்தான் அவனை அவ்வளவு நாளும் விழாமல் வைத்திருந்தது. ஒன்றை முடிவு செய்தால் கையை விடமாட்டான். அந்தப் பிடிவாதம் இன்றைக்கு வேண்டாத இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதோடு முட்டிக்கொண்டு நான் நேரத்தைக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு நேரமும் பூக்கூடையைப் பாலிதீனால் மூடிக்கொண்டிருந்த அஞ்சலை அக்கா எழுந்து மரத்தடிக்கு வந்தார். மேலே பார்த்தார்.

"எப்பா, வலம்னா இன்னா?" என்று ஏழுமலையைக் கேட்டார்.

அவன் கீழே எட்டிப் பார்த்தான்.

"வலக்கை சாமி பக்கம் இருக்கணும், அவ்ளதான? ஒன்ன யாரு திரும்பச் சொன்னா? திரும்பாத. மூஞ்சி இப்ப எந்தப் பக்கம் இருக்குதோ அப்பிடியே இருக்கட்டும். வலக்கைய மரத்துல வச்சிக்க. பின்னாலயே நடந்து வா. சாமி கும்புட்டுட்டுப் போறவங்க முதுகு காட்டாம பின்னால வர்றதில்ல? அப்பிடி."

ஏழுமலை யோசித்தான். அந்த யோசனை நேரம் எனக்கு ஒரு யுகம்.

"வலக்கை மரத்துலயே இருந்தா, இடம் ஆவாதாக்கா?"

"மரத்தடியில குந்திக்கினு இருக்கறவ நானு. ஆவாதுன்றேன்."

அவன் வலக்கையைக் கொம்பில் வைத்தான். இடது காலைப் பின்னால் எடுத்து வைத்தான்.

இனிமேல் நடந்ததுதான் வேலை. அதுவரை நடந்தது கூத்து. மரத்தில் முன்னால் நடக்கிறவன் கிளையைப் பார்த்து மிதிப்பான். பின்னால் நடக்கிறவனுக்குக் காலில் கண் கிடையாது. அவனுக்கு நான்தான் கண். மழைத் தூறலில் அண்ணாந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாகச் சொன்னேன். இடது கால் ஒரு சாண் கீழே. அங்கே இல்லை, அது பட்டுப்போன கொம்பு. இன்னும் கொஞ்சம் பின்னால். இப்போது பாரத்தை வை. ஒவ்வொரு கால் சுற்று வந்ததும், கயிற்றில் கிடைத்த தளர்ச்சியை முடிச்சுக்குள் இழுத்துக்கொள்ளச் சொன்னேன், முதலில் ஒன்று, பிறகு மற்றது. எத்தனை சுற்று சுற்றினான் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது நல்லதாகப் போயிற்று. எண்ணிக்கொண்டு நின்றிருந்தால் இன்னும் இத்தனை என்று மலைத்திருப்போம். கயிற்றைப் பார்த்துக்கொண்டே வந்தோம், அவிழ அவிழ வந்தோம்.

தெருவும் விடவில்லை, உதவிக்கு வந்துவிட்டது. நான் இடது என்றால் எல்லாரும் சேர்ந்து இடது என்று கத்துவார்கள். நான் நிறுத்து என்றால், அது அவன் காதில் விழாதபடி நிறுத்து நிறுத்து என்று ஆளுக்கொரு சுருதியில் கூவுவார்கள். ஒரு தரம் மாடிவீட்டுக்காரர் தன் இடது வலது குழம்பி, எதிர்க்காலைச் சொல்லிவிட்டார். ஏழுமலையின் கால் காற்றில் தொங்கியது. அஞ்சலை அக்கா அவர் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு, அவன் இறங்கும் வரை, அந்த மனிதர் வாயைத் திறக்கவே இல்லை. என்னால் ஒரு சாயங்காலம் முழுக்க முடியாத காரியம்.

சடை கழன்றது. ஒரு கயிறு கிழக்கிலிருந்து நேராக, ஒரு கயிறு மேற்கிலிருந்து நேராக. நடுவில் அவன்.

"ஓடுதுணா," என்றான்.

கிளையைத் தொடாதே, அறுக்காதே, முதலில் இறங்கு என்றேன். மீதி வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று இழுத்தான். நான் சொன்னதை இங்கே எழுத முடியாது, பெண்களும் படிப்பீர்கள். இறங்கினான்.

அவன் கால் தரையில் பட்டு, பெல்ட்டைக்கூடக் கழற்றியிருக்க மாட்டான், கடலிலிருந்து ஒரே வீச்சில் காற்று வந்தது. மேலே கிளை முறிந்தது. தனபால் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்தார். கிளை நேராகக் கொட்டகை மேல் விழாமல் ஊசலாகத் திரும்பி, கிழக்குக் கொம்பில் போய் மோதியது. மரமே அதிர்ந்தது. சரியாக அவன் ஒட்டி நின்றிருந்த இடம். பட்டை உரிந்து, வெள்ளையாக ஒரு காயம் தெரிந்தது. தனபால் மெதுவாகக் கயிறு விட்டு விட்டு, அந்தக் கிளையை ஒரு குழந்தையை இறக்குவது மாதிரி இறக்கி வைத்தார்.

முதலில் பேசியவர் மாடிவீட்டுக்காரர். போகிற போக்கில் கிளையின் நுனி உரசி அவருடைய ஓடு கொஞ்சம் உடைந்திருந்தது.

"ஓடு போச்சேய்யா," என்றார்.

நான் அவரைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் வேறு ஏதாவதும் உடைந்திருக்கும்.

அஞ்சலை அக்காவிடம் போனேன். பின்னால் நடந்தால் வலம் கணக்கில்தான் சேரும் என்று எங்கேயாவது சம்பிரதாயம் இருக்கிறதா, யார் சொல்லிக் கொடுத்தது என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

நனைந்த பூவை உதறிக்கொண்டே சொன்னார்: "ஆளு எறங்கணுமா, சம்பிரதாயம் எறங்கணுமா?"

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நான் அவனுடைய பயத்தை அவனிடமிருந்து பிடுங்கப் பார்த்தேன். அந்த அக்கா அவன் பயத்தை அவன் கையிலேயே விட்டுவிட்டு, அதோடு சேர்த்து அவனை இறக்கினார். மேலே மாட்டிக்கொண்ட ஆளிடம் அவன் முட்டாள் என்று நிரூபிக்காதீர்கள். நிரூபித்து முடிக்கும்போது கேட்பதற்கு அவன் இருக்க மாட்டான். அதற்கு முன்னாலேயே, ஏற்றுவதற்கு முன்னாலேயே, என்னென்ன செய்ய மாட்டாய் என்று கேட்டு வையுங்கள். பெல்ட்டைச் சோதிப்பது போல இதையும் சோதியுங்கள். கயிறு பார்க்கிறவரிடம், என்ன பார்த்தால் கத்த வேண்டும் என்று வாய் விட்டுச் சொல்லி வையுங்கள். பார்ப்பார் என்று நம்பினால் போதாது. அவர் கண்ணில் படகு தெரியும்.

ஏழுமலைக்கு மகள் பிறந்தாள். அப்பனைப் போலவே பிடிவாதக்காரி. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அன்றைக்கு மழையில் நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

மழை பிடித்துக்கொண்டது. சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று பார்த்தால் ஏழுமலையைக் காணோம். தேடினேன். பெல்ட் இடுப்பில் அப்படியே தொங்க, கொக்கிகள் கிலுகிலுக்க, கொட்டும் மழையில் மரத்தை வலம் வந்துகொண்டிருக்கிறான். நாகக் கல்லைத் தாண்டும்போது ஒரு கும்பிடு, மறுபடி நடை.

என்னடா இது என்றேன்.

"பின்னால வந்ததுல மேல சுத்துன சுத்தெல்லாம் கழிஞ்சிருக்கும்லணா. ஒருவேள கணக்குல கொறஞ்சிட்டா? அதான் பாக்கிய கீழ கட்டிடலாம்னு."

எத்தனை சுற்று கழிந்தது என்றுதான் யாருக்கும் தெரியாதே, எப்போது நிறுத்துவாய் என்று கேட்டேன். நடந்துகொண்டே யோசித்துவிட்டு, அக்கா சொல்லும்போது நிறுத்துகிறேன் என்றான். அக்கா பூக்கூடையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, இன்னும் போகட்டும் என்று கையைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், தனபாலும் அவன் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார்.

அவர்கள் சுற்றி முடிக்கும் வரை மழையில் உட்கார்ந்து கயிறுகளைச் சுருட்டினேன். தனித்தனியாக.